றமீஸா சாச்சியின் பற்கள்

அக்குறணையில் கல்யாண வீடென்றால் பெண்கள் பக்கம் முதலில் தேடுவது றமீஸா சாச்சியைத்தான். மாப்பிள்ளை வீட்டாரைக் கேலி செய்யும் பாட்டை அந்த இடத்திலேயே கட்டிப் பாடுவார். வெற்றிலைச் சிவப்பேறிய உதடும் இரண்டு வீடு தாண்டிக் கேட்கும் குரலுமாக இப்போதும் என் கண்ணில் நிற்கிறார். என் வாப்பாவின் தம்பி, புடவைக் கடை தாஸிம் சாச்சாவின் மனைவி அவர்.

ஆயிரத்துத் தொள்ளாயிரத்து முப்பதாம் ஆண்டு நோன்புப் பெருநாளுக்குப் பிறகு அவருடைய ஈறில் ரத்தம் கசியத் தொடங்கியது. அப்புறம் சீழ். வெற்றிலையை விட்டார்; உப்புநீரால் கொப்பளித்தார்; கராம்பு வைத்துப் பார்த்தார். பற்கள் ஒவ்வொன்றாக ஆடின. உடம்பும் மெலிந்தது. எவ்வளவு தண்ணீர் குடித்தாலும் தாகம் அடங்கவில்லை. வாய் நாறுகிறதென்று முக்காட்டால் மூடிக்கொண்டுதான் பேசுவார். கல்யாண வீடுகளுக்குப் போவதையே நிறுத்திவிட்டார். அப்போது அவருக்கு முப்பத்தாறு வயது.

"அந்நிய ஆம்பிளக்கி வாயத் தொறந்து காட்டவா?" என்று பல் டொக்டரிடம் போக ஒரு மாதம் மறுத்தார். சாச்சாவோடு நானும் துணைக்கு வருவதாகச் சொன்ன பிறகே கண்டி பஸ்ஸில் ஏறினார். நான் அப்போது கல்யாணமாகி ஒரு வருடமான பெண்.

பல் டொக்டர் ராஜலிங்கம் யாழ்ப்பாணத்துக்காரர். ஈறை மெல்ல அழுத்திப் பார்த்தவர் பல்லைப் பற்றி ஒன்றும் கேட்கவில்லை.

"கன தண்ணி குடிக்கிறனீங்களோ?"

சாச்சி தலையாட்டினார்.

"சலம் போற இடத்தில எறும்பு வாறதோ?"

சாச்சி நிலத்தைப் பார்த்தார். "வருது டொக்டர்" என்று நான்தான் சொன்னேன்.

டொக்டர் சாச்சியின் சிறுநீரை வாங்கி ஒரு நீல மருந்தோடு சேர்த்துக் காய்ச்சினார். நீலம் செங்கல் நிறமானது.

"இது நீரிழிவு. ஈறை இந்தளவு கெடுத்தது அதுதான். இப்ப ஈறில இருக்கிற கிருமியும் சீழும் சீனியைக் குறைய விடாது. ரெண்டையும் சேர்த்துத்தான் பார்க்க வேணும். ஆடுற பல்லுகளைக் கழட்டவும் வேணும்."

"பல்லில்லாம நான் எப்பிடிப் பாடுற?" சாச்சி முக்காட்டை வாய்க்கு மேல் இழுத்துக்கொண்டார். "கிருமின்டு செல்றாங்க. நான் ஒண்டயும் காணல்லயே."

டொக்டர் அவருடைய பல்லோரத்தைச் சுரண்டிக் கண்ணாடித் துண்டில் தடவி, மேசையிலிருந்த நுண்பெருக்கியின் கீழ் வைத்தார். "வந்து பாருங்கோ."

சாச்சி முக்காட்டை ஒதுக்கி ஒற்றைக் கண்ணால் பார்த்தார். வெகுநேரம் தலையை எடுக்கவில்லை.

"மீன்குஞ்சு மாதிரி ஓடுதே. இதெல்லாம் என்ட வாய்க்குள்ளயா ஈக்கி?"

"ஓம்."

அவர் போய்க் கதிரையில் உட்கார்ந்தார். "அப்ப கழட்டுங்க."

டொக்டர் சிரித்துவிட்டார். "இண்டைக்கு இல்லை. முதல்ல ஊசி போட்டுச் சீனி குறையட்டும். இல்லாட்டிப் புண் ஆறாது."

கண்டி ஆஸ்பத்திரியின் பெரிய டொக்டர் ஒருவர் இன்சுலின் எழுதிக் கொடுத்தார். தினமும் கடை திறக்குமுன் சாச்சா ஊசியைக் கொதிநீரில் போட்டெடுத்து அவரே குத்துவார். மூன்று வாரம் கழித்து, நான்கு தடவையாகப் பற்கள் எல்லாவற்றையும் கழற்றினார்கள். ஈறு ஆறியதும் ஊசி மருந்தின் அளவு பாதியாகக் குறைந்தது. நோய் விட்டுப் போகவில்லை; ஆனால் முகத்தில் சதை பிடித்தது.

பல்செட் கட்டிக்கொண்டு அடுத்த கல்யாணத்துக்கு வந்தார். பாடத் தொடங்கியதும் சொற்கள் வழுக்கின. சுவர்ப்பக்கம் திரும்பிப் பல்செட்டைக் கழற்றி, லேஞ்சித் துண்டில் சுற்றி மடியில் வைத்துக்கொண்டு வெறும் ஈறோடு பாடினார். பெண்கள் சிரித்தார்கள். எல்லாரையும் விட உரக்கச் சிரித்தவர் அவர்தான்.

அதன் பிறகு பாட்டு முடிந்ததும் அவர் பெண்களை விசாரிப்பது வழக்கமாயிற்று. ஒரு வீட்டில் மணப்பெண்ணின் தாய் கைரியா வாயைப் பொத்திப் பேசுவதைக் கண்டு, தனியே அழைத்துப் போனார்.

"பல்லு விளக்கக்குள்ள ரத்தம் வருதா? தாகமும் ஈக்கா?"

கைரியா அழத் தொடங்கினார்.

அடுத்த திங்கட்கிழமை கண்டி பஸ்ஸில் இருவரையும் கண்டேன். நுண்பெருக்கியில் தெரிந்ததைச் சாச்சி கையை ஆட்டி ஆட்டி விவரித்துக்கொண்டிருந்தார்.