விரல் வைத்துப் படித்தவள்

இருபத்துநான்கு வருஷமாக ஒன்றாம், இரண்டாம் வகுப்புகளுக்கு வாசிக்கச் சொல்லித் தருகிறேன். ஆம்பூருக்குப் பக்கத்தில், பாதிப் பெற்றோர் ஷூ கம்பெனிக்குப் போகிற ஊர். என் வழி ஒன்றுதான். நான் ஒரு வரி சொல்வேன். பிள்ளைகள் ஒவ்வொரு சொல்லுக்கும் கீழே விரல் வைத்து, சேர்ந்து திருப்பிச் சொல்ல வேண்டும். விரல் நகராத பிள்ளையை விடமாட்டேன். இதில் எனக்குக் கொஞ்சம் தலைக்கனமும் உண்டு.

போன வருஷம் இரண்டாம் வகுப்பில் ஒரு பெண். விரல் பிசகாமல் கணீரென்று படிப்பாள். மற்றவர்களுக்கு அவளைத்தான் உதாரணம் காட்டுவேன். பிள்ளைகளின் வாசிப்பு நிலையைச் செல்போனில் பதியும்போது அவள் பெயருக்கு நேராக ‘சரளமாக வாசிக்கிறாள்’ என்பதை யோசிக்காமலே தொட்டேன்.

அந்தப் பள்ளி வருஷம் முடிய ஒரு வாரம் இருக்கும். காக்காய்க் கதை படித்துக்கொண்டிருந்தவள் இரண்டு தாளைச் சேர்த்துப் புரட்டிவிட்டாள். எதிரே யானைப் பாடம். அவளோ விட்ட இடத்திலிருந்து காக்காய்க் கதையையே சொல்லிக்கொண்டு போனாள். விரல் மட்டும் யானைப் பாடத்தின் மேல் சொல் சொல்லாக நகர்ந்தது. பலகையில் ‘மலை’ என்று எழுதிக் கேட்டேன். அவள் என் முகத்தையே பார்த்தாள். புத்தகம் முழுவதும் மனப்பாடம். ஓர் எழுத்தும் தெரியாது.

மூன்றாம் வகுப்புக்குப் போனால் திண்டாடிவிடுவாள். அவள் அம்மாவை வரச் சொன்னேன். ஷூவின் மேல்பாகம் தைக்கிற வேலை அவருக்கு. பெண்ணைச் சேர்க்க வந்த அன்றே, “நான் ரெண்டாவதோட நின்னுட்டேன், எனக்குப் படிக்கத் தெரியாது” என்று சொன்னவர். கழுத்தில் கம்பெனி அட்டையோடு, ஷிஃப்ட் முடிந்து நேராக வந்தார்.

“உங்க பொண்ணுக்குப் படிக்க வரலம்மா. நான்தான் கவனிக்காம விட்டுட்டேன்.”

“இன்னா டீச்சர் சொல்றீங்க? டெய்லி எனக்குப் படிச்சிக் காட்டுறாளே. வெரல வெச்சி வெச்சிப் படிப்பா. நானும் அந்த வெரலையே பாத்துக்கினு இருப்பேன்.”

அவர் நம்பவில்லை. மூன்றாம் வகுப்புப் புத்தகத்தை நடுவில் பிரித்துப் பெண்ணின் முன்னால் வைத்தேன். அவள் புத்தகத்தைப் பார்க்கவில்லை. அம்மாவின் முகத்தைப் பார்த்தாள். அம்மா குனிந்து புத்தகத்தைப் பார்த்தார். தயங்கித் தயங்கி, எழுத்தெழுத்தாகக் கூட்டி, முதல் வரியைப் படித்துவிட்டார்.

“ஐயோ, நானா படிச்சேன்?” என்று வாயைப் பொத்திக்கொண்டார்.

மகள் படித்தபோதெல்லாம் அம்மா சிரிக்கிறாரா என்று முகத்தைப் பார்த்திருக்கிறாள். அம்மா விரலைப் பார்த்திருக்கிறார். அப்படியானால் என் வழி சரியா, தப்பா? சந்தோஷப்படுவதா, வெட்கப்படுவதா? இத்தனை வருஷத்தில் எத்தனை பிள்ளைகள் எழுத்தைப் பார்க்காமல் என் முகத்தைப் பார்த்தே தப்பித்துப் போனார்களோ! யாரிடம் போய்க் கேட்பது?

“அப்ப இவள இன்னா பண்றது டீச்சர்?”

“எனக்கே தெரியலம்மா” என்றேன். எந்தப் பெற்றோரிடமும் இதற்கு முன் இப்படிச் சொன்னதில்லை.

பெண் அம்மாவின் புடவையைப் பிடித்து இழுத்தாள். கண் நிறைந்திருந்தது.

“உனக்கே படிக்க வந்துடிச்சி. இனிமே நான் படிச்சா நீ கேக்க மாட்டியாம்மா?”