செக்பொயின்டில் மந்திர வாள்

வஹகோட்டைக்குப் போற வழியில், செக்பொயின்டில் ஆமிக்காரங்க பஸ்ஸை நிறுத்தி எல்லாரையும் இறக்குறாங்க. கோயில் நாடகத்துல நடிக்க எங்க தோட்டத்து ராஜாவும் நாலு வீரர்களும் கூடவே வாறாங்க. தன்னோட மந்திர வாளை உருவினா ஆயிரம் பேர் விழுவாங்கன்னு வழியெல்லாம் ராஜா ஒரே பேச்சு.

ஒரு ஆமிக்காரர் எங்க நாடகச் சாமான் சாக்குல இருந்து அந்தத் தகர வாளை உருவி, "யாரோடது?" என்று சிங்களத்தில் கேக்கிறார். ராஜா தரையைப் பார்க்கிறார். வீரர்கள் ராஜாவைப் பார்க்கிறாங்க. எளவட்டப் பிள்ளைகளை ஜீப்புல ஏத்தினா திரும்பி வர்றது நிச்சயமில்ல.

"என்னோடதுங்க மாத்தயா" என்று நான் முன்னுக்கு வாறேன்.

"வாள் எதுக்கு ஆச்சி?"

"நாடகத்துக்கு. நான்தான் ராஜா."

அவர் சிரிச்சு வாளைத் தாறார்.

பஸ்ஸுல ராஜா ஓடிப்போய் என் சீட்டில் உக்காந்துட்டு, "வாளைத் தாங்க பாட்டி" என்று கை நீட்டுறார்.

"நான்தானே ராஜா? நிக்கிறேன், எந்திரிடா" என்கிறேன்.