சக்கரத்துக்கு முன்னால் செருப்பு

என் மனைவியின் அண்ணன் எங்கள் பஸ் பணிமனைக்கு ஃபோர்மேனாக வந்தபோது நான் அங்கே இருபது வருட மெக்கானிக். அவர் அலுவலகத்தில் ஃபைல் தள்ளியே மேலே வந்தவர். பஸ்ஸுக்கு அடியில் ஒரு நாளும் படுத்ததில்லை. நல்ல மனுஷன்தான். ஆனால் யாரையும் ஒரு வார்த்தை கேட்க மாட்டார். ஒருமுறை நான் வேலைக்குப் போயிருந்த நேரம் பார்த்து என் வீட்டுச் சுவருக்குப் பச்சை அடித்துவிட்டுப் போனார். கேட்டால், "கண்ணுக்குக் குளிர்ச்சி மாப்ளே" என்றார். எங்கள் கண்ணைப் பற்றி எங்களுக்கு என்ன தெரியும்!

பணிமனையிலும் வாரத்துக்கு ஒரு அறிவிப்பு ஒட்டுவார். டீயை நின்றுகொண்டே குடிக்க வேண்டும், ஸ்பேனர்கள் உயர வரிசையில் தொங்க வேண்டும். தலையெழுத்து என்று நாங்களும் தொங்கவிட்டோம்.

ஒரு திங்கட்கிழமை ஒட்டியதுதான் வினையாகிப் போனது. மேலதிகாரி பார்வையிட வருகிறாராம். கழற்றும் செருப்பெல்லாம் இனி வாசல் அலமாரியில்தான் இருக்க வேண்டுமாம்.

எங்களுக்கு ஒரு பழக்கம் உண்டு. பஸ்ஸுக்கு அடியில் போகிறவன் தன் செருப்பை முன்சக்கரத்துக்கு முன்னால் கழற்றி வைப்பான். அதைப் பார்த்தால் எந்த டிரைவரும் சாவியைத் தொடமாட்டார். எங்கேயும் எழுதி வைக்காத சட்டம். எங்கள் உயிர் அதில்தான் இருந்தது.

ஓடிப்போய், "மச்சான், அந்தச் செருப்பு விஷயம்..." என்று ஆரம்பித்தேன்.

"எல்லாம் கலந்து பேசி எடுத்த முடிவு மாப்ளே."

"யார்கூடப் பேசினீங்க?"

"நேத்து பூரா எனக்குள்ளேயே பேசினேன். வீட்லதான் உறவு, இங்க நான் ஃபோர்மேன். போய் வேலையைப் பாருங்க."

எனக்கு ரோஷம் பொத்துக்கொண்டு வந்தது. எக்கேடோ கெட்டுப் போங்கள் என்று திரும்பிவிட்டேன். கெடப்போவது நான்தான் என்று அப்போது உறைக்கவில்லை.

புதன்கிழமை பிரேக் பார்க்க அடியில் படுத்திருந்தேன். தலைக்கு மேலே என்ஜின் உறுமியது. சக்கரம் ஒரு சாண் நகர்ந்தது. "டேய்!" என்று நான் போட்ட சத்தத்தில் பஸ் நின்றது. முழங்கை தேய்ந்ததோடு தப்பினேன். லீவு முடிந்து அன்றுதான் வந்த டிரைவர் இறங்கி ஓடிவந்து என் கையைப் பிடித்துக்கொண்டார். "செருப்பு இல்லையேண்ணே! பார்த்துட்டுத்தானே ஏறினேன்!"

மச்சான் வந்தார். "செருப்புக்கும் பஸ்ஸுக்கும் என்னப்பா சம்பந்தம்?"

டிரைவர் சொல்லச் சொல்ல அவர் முகம் வெளுத்தது. எண்ணெய்த் தரையிலேயே உட்கார்ந்துவிட்டார். "இதை ஏன் மாப்ளே முன்னாடியே சொல்லல?"

"சொல்ல விட்டாத்தானே!" என்று கத்தினேன்.

தங்கச்சி முகத்தில் எப்படி முழித்திருப்பேன் என்று தேம்பித் தேம்பி அழுதார். என் கோபம் கரைந்தது. அலமாரியைத் தூக்கி வெளியே போடச் சொன்னார். மனுஷன் திருந்திவிட்டார் என்று நம்பினேன், மடையன்.

மறுநாள் காலை போனால் என் பஸ்ஸுக்கு அடியில் வேறொருவன் படுத்திருந்தான். "உங்களை ஸ்டோருக்கு மாத்திட்டாரே, தெரியாதாண்ணே?" என்றான்.

மச்சானுக்குக் கண் இன்னும் சிவந்திருந்தது. "இனிமே நீங்க அடியில போகவே வேணாம் மாப்ளே. போல்ட்டு நட்டு எடுத்துக் குடுத்துக்கிட்டு நிம்மதியா உட்காருங்க."

"எனக்குத் தெரிஞ்சதும் பிடிச்சதும் அந்த வேலைதான் மச்சான்" என்றேன்.

அவர் என் தோளைத் தட்டிக்கொடுத்தார். "தங்கச்சிகிட்ட நேத்தே சொல்லிட்டேன். அவளுக்கு ரொம்ப சந்தோஷம்."