அருவி ஏறும் மீனின் எண்ணெய்

என் அக்கா வீட்டுக்காரருக்குச் சாணார்பட்டியில் உரக்கடை. பூச்சி அரித்த இலையோடு வந்து நிற்கும் சம்சாரிகள் அவர் எடுத்துக் கொடுக்கும் மருந்தை மறுபேச்சில்லாமல் வாங்கிப் போவார்கள். அதனாலோ என்னவோ, தான் எதைக் கொடுத்தாலும் அதை வாங்கிக்கொள்வது மற்றவர்களின் கடமை என்ற நினைப்பு அவருக்கு ஊறிப்போயிருந்தது. இரண்டாயிரத்துக்குப் பிறகு எங்கள் பக்கமெல்லாம் சங்கிலி போல ஆள் சேர்த்துப் பொருள் விற்கும் வியாபாரம் பரவியபோது, அவர் கையில் வந்து சேர்ந்தது சால்மன் மீன் எண்ணெய் மாத்திரை.

நான் திண்டுக்கல்லில் ஒரு பள்ளியில் விலங்கியல் ஆசிரியராக இருந்தேன். அம்மா என்னோடுதான் இருந்தாள். ஒரு ஞாயிற்றுக்கிழமை சர்ச்சில் பூசை முடிந்து அக்காவும் மச்சானும் வீட்டுக்கு வந்தார்கள். மச்சான் சட்டைப்பையிலிருந்து ஒரு புட்டியை எடுத்து மேசையில் வைத்தார். அதில் ஒட்டியிருந்த படத்தில் ஒரு மீன் அருவியை எதிர்த்துத் துள்ளிக்கொண்டிருந்தது.

"மாப்ள, இது ஐஸ் தண்ணியில வாழுற மீன். அம்புட்டுக் குளிர்லயும் அதோட ரத்தம் உறையல. அப்ப இதத் தின்னா நம்ம ரத்தம் உறையுமா?"

"ரத்தத்துக்கும் இதுக்கும் என்ன மச்சான்? அதோட கொழுப்பு குளிர்ல இறுகாது, அம்புட்டுத்தான். நம்ம நெய் மாதிரி உறைஞ்சா மீனால நீந்த முடியாதுல்ல."

"அது நீங்க புஸ்தகத்துல படிச்சது. இது கம்பெனியில சொன்னது" என்றார். கம்பெனி என்று சொல்லும்போது அவர் குரலில் இருந்த பக்தி, அன்று காலைப் பூசையில் இருந்திருக்காது.

அந்த மீன்மேல் எனக்கு எந்தக் கோபமும் இல்லை. சால்மன் நல்ல உணவு. நிறையப் புரதம், வைட்டமின் டி, உடம்பு தானாகச் செய்துகொள்ள முடியாத ஒமேகா கொழுப்பு எல்லாம் அதில் உண்டு. ஆனால் அந்தக் கொழுப்பை மீன் தானாகப் படைத்துவிடுவதில்லை. கடலில் கண்ணுக்குத் தெரியாத பாசிகள் அதை உண்டாக்குகின்றன. பாசியைத் தின்னும் சின்னஞ்சிறு உயிர்களையும் அவற்றைத் தின்னும் சிறு மீன்களையும் தின்றுதான் சால்மன் அதைச் சேர்த்துக்கொள்கிறது. அதன் சதையின் ரோஸ் நிறமும் அப்படி வந்ததுதான், இறாலினத்தைத் தின்று வந்தது. பண்ணையில் வளர்க்கும் சால்மனுக்குத் தீவனத்திலேயே அந்த நிறத்தைக் கலந்து விடுகிறார்கள். நம் கடலின் மத்தி மீனிலும் அதே கொழுப்பு தாராளமாக இருக்கிறது. ஐஸ் பெட்டியில் வந்து நம் மார்க்கெட்டில் கூறு கட்டிக் கிடக்கிற மத்தியைப் பார்த்தால் மச்சான் மூக்கைப் பொத்துவார். தன் வாழ்நாளில் பார்த்திராத மீனின் எண்ணெயை மட்டும் நற்கருணை போல நாவில் வாங்குவார்.

அம்மாவுக்கு ரத்த அழுத்தம் உண்டு. பல வருடமாக மாத்திரை சாப்பிட்டு வந்தாள். மச்சான் வந்துபோன சில மாதத்துக்குப் பிறகு, ஒரு காலையில் அவள் கையிலிருந்து காப்பி டம்ளர் நழுவியது. துடைக்கப் போன நான் அவள் முகத்தைப் பார்த்தேன். வாய் ஒரு பக்கமாக இழுத்திருந்தது. என்னவோ சொல்ல வந்தாள், சொல் குழைந்து விழுந்தது.

ஆட்டோவில் போட்டு ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனேன். அழுத்தம் ஏகமாக ஏறியிருக்கிறது, மாத்திரையை நிறுத்தினாரா என்று டாக்டர் கேட்டார். இல்லை என்று நான் சொல்லிக்கொண்டிருக்கும்போதே, தகவல் தெரிந்து பின்னால் வந்து நின்ற அக்கா அழ ஆரம்பித்தாள்.

"பிரஷர் மாத்திரை பூராவும் கெமிக்கலு, அத நிறுத்திட்டு மீன் மாத்திரையப் போடுங்க அத்தைன்னு அவுகதான் தம்பி சொன்னாக. உனக்குத் தெரிஞ்சா சண்டை போடுவேன்னு அம்மா சொல்லல."

மறுநாள் மச்சான் வந்தார். கையில் புதுப் புட்டி. அம்மாவை ஒரு பார்வை பார்த்துவிட்டு என்னை வராந்தாவுக்கு அழைத்தார். தலைகுனிவார் என்று நினைத்தேன்.

"ரெண்டு வேளை போடச் சொல்லியிருந்தேன் மாப்ள. அத்தை ஒரு வேளைதான் போட்டிருக்காக. அதான் இழுத்துருச்சு" என்றார்.

ஒரு மனிதன் எவ்வளவு சின்னவனாக இருக்க முடியும் என்பதை அன்றுதான் பார்த்தேன். பதில் சொன்னால் அவரை மனிதராக மதித்ததாகிவிடும் என்று தோன்றியது. உள்ளே போய்விட்டேன்.

டாக்டர் கொடுத்த மருந்தாலும் தினம் செய்த பயிற்சியாலும் அம்மா மெல்ல எழுந்து நடந்தாள். வலது கை மட்டும் முழுக்கத் திரும்பவில்லை. பேச்சு வந்தது, கொஞ்சம் இழுவையோடு. பகலில் நான் பள்ளிக்குப் போய்விடுவதால், மாத்திரைக்கு அக்காவைப் பொறுப்பாக்கி, கொஞ்ச நாள் அவள் வீட்டில் இருக்கட்டும் என்று அனுப்பிவைத்தேன். ஒரு ஞாயிறு மதியம் அக்கா போன் செய்தாள்.

"கம்பெனிக் கூட்டம்னு அம்மாவ அங்க மண்டபத்துக்குக் கூட்டிட்டுப் போயிட்டாக. எனக்கு என்னமோ சரியாப் படல. நீ செத்த போய்ப் பாரேன்."

திண்டுக்கல் பஸ் ஸ்டாண்டுக்குப் பக்கத்தில் ஒரு கல்யாண மண்டபம். குஜிலியம்பாறைப் பக்கத்திலிருந்தெல்லாம் ஆட்கள் வந்திருந்தார்கள். மழைக்கு மானத்தைப் பார்த்து விதைக்கிறவர்கள், வெளுத்த வேட்டியும் மஞ்சப்பையுமாக நாற்காலி விளிம்பில் உட்கார்ந்திருந்தார்கள். மேடையில் ஓர் இளைஞன், சித்திரை வெயிலில் கோட்டும் டையும் போட்டு வழிய வழிய வேர்த்துக்கொண்டு, திரையில் தெரிந்த மீனைக் கைகாட்டினான்.

"வயசான காலத்துலயும் இந்த மீன் அருவியில ஏறுது. ஏன்னா அதோட ரத்த நாளத்துல அடைப்பே கிடையாது. அந்தச் சக்தியத்தான் நாம மாத்திரையாக் குடுக்குறோம்."

எல்லோரும் கை தட்டினார்கள். அடுத்து மச்சான் ஏறினார். முன்வரிசையில் இருந்த அம்மாவைக் கைத்தாங்கலாக மேடைக்கு அழைத்துக்கொண்டார்.

"இது என் மாமியார். வாய் கோணி, கை விழுந்து கெடந்தாக. இன்னைக்கு உங்க முன்னாடி நிக்கிறாக. எதனாலன்னு அவுகளே சொல்லுவாக."

மைக்கை அம்மா வாயருகே நீட்டினார். அம்மா கூட்டத்தைப் பார்த்து மிரண்டாள். பிறகு மருமகனைப் பார்த்தாள்.

"மருமகன்... நல்லாப் பாத்துக்கிட்டாக" என்றாள்.

அதற்கும் கைதட்டல்.

கடைசி வரிசையில் உட்கார்ந்திருந்த நான் எழுந்தேன். மைக் இல்லை, ஆனால் வகுப்பறையில் கத்திப் பழகிய தொண்டை. "இவங்க என் அம்மா. இந்த எண்ணெய நம்பி டாக்டர் மாத்திரைய நிறுத்துனதாலதான் இவங்களுக்கு வாதம் வந்துச்சு. எந்திரிச்சது டாக்டர் மருந்துல. அந்தப் படத்துல ஏறுதே மீனு, அது முட்டையிடப் போகுது. ஆத்துக்குள்ள வந்ததும் தீனி திங்காது. தன் கொழுப்பக் கரைச்சுக் கரைச்சு ஏறி, முட்டையிட்டதும் அதுல முக்காவாசி செத்து மிதக்கும். நீங்க பாக்குறது சாகப் போற மீனு."

கோட்டுப் பையன் சிரித்தான். "சார் பேசுறதக் கேட்டீங்கள்ல? சாகப் போற நேரத்துல கூட அருவி ஏறுதாம். அம்புட்டுச் சத்து."

முன்னைவிடப் பலமாகக் கை தட்டினார்கள். எனக்குப் பக்கத்தில் இருந்த பெரியவர், "மச்சினனுக்குப் பொறாமை போல" என்று அடுத்தவரிடம் சொன்னது காதில் விழுந்தது. அத்தனை பேரையும் அந்த நிமிஷம் நான் வெறுத்தேன். மேடைக்குப் போய் அம்மாவின் கையைப் பிடித்து இறக்கிக் கூட்டிவந்தேன். மச்சான் தடுக்கவில்லை. மைக்கில் அடுத்த ஆளைக் கூப்பிட்டுக்கொண்டிருந்தார்.

ஆட்டோவில் கேட்டேன். "ஏம்மா அப்படிச் சொன்ன?"

"பின்ன என்னடா சொல்லச் சொல்ற? உங்கக்கா அந்த வீட்டுலதான இருக்கணும்."



அடுத்த வருடம் அந்தக் கம்பெனி இருந்த இடம் தெரியவில்லை. மிஞ்சிய மாத்திரைகளை அக்கா கத்தரித்து எண்ணெயைச் சோற்றில் பிசைந்து வீட்டு நாய்க்கு வைத்தாள். நாய்க்கு முடி பளபளவென்று ஆனது. அந்த எண்ணெயால் நான் கண்ணால் கண்ட ஒரே நன்மை அது. மச்சான் அதற்குள், காந்தம் நோயை இழுத்துவிடும் என்று சொல்லிக் காந்தப் படுக்கை விற்பதற்கு மாறியிருந்தார். கிறிஸ்துமஸுக்கு ஒன்றைக் கொண்டுவந்து அம்மாவின் கட்டிலில் விரித்தார். அம்மா மறுக்காமல் அதில் படுத்துக்கொண்டாள். படுக்கையால் கெடுதல் இல்லை என்று நானும் விட்டுவிட்டேன். டாக்டர் கொடுத்த மாத்திரையை மட்டும் விடவில்லை. அம்மா இறக்கும் வரை, தினமும் பள்ளிக்குக் கிளம்புமுன் நானே அதை அவள் வாயில் போட்டு, தண்ணீர் கொடுத்து, நாக்கைத் தூக்கச் சொல்லிப் பார்த்துவிட்டுத்தான் சைக்கிளை எடுத்தேன்.