கடுகளவு பொட்டு

பயிர் மருந்துக் கடைக்கு வரும் நோயாளிகள் பாலித்தீன் கவருக்குள் வேர்த்து வதங்கித்தான் வருகிறார்கள். செங்கல்பட்டில் கடை போட்டு இத்தனை வருஷமாகியும் அந்தக் கவரைப் பிரித்து இலையை எடுக்கும்போது எனக்கு எரிச்சல் வரும். கல்லாவில் உட்கார்ந்திருக்கும் சக பாவிகளுக்கு இது புரியும்.

ஒரே துணி

படூர் அடுக்குமாடியிலிருந்து ஒரு ஐ.டி. தம்பி வந்தார். பால்கனியில் ஒரு ரோஜாவுக்கு வந்த கரும்புள்ளி எல்லாத் தொட்டிக்கும் பரவிவிட்டதாம். விசாரித்தால், தினமும் சாயந்தரம் ஈரத்துணியால் இலை இலையாகத் துடைத்திருக்கிறார். நோய்ச்செடியில் ஆரம்பித்து வரிசையாக, ஒரே துணி. ஈர இலையில்தான் பூஞ்சாணம் முளைக்கும், புள்ளி விழுந்ததைக் கிள்ளிப் போட்டுவிட்டு காலையில் வேருக்கு மட்டும் தண்ணீர் விடுங்கள் என்றேன். அவர் தொட்டிகளை விரல்விட்டு எண்ணிப் பார்த்தார்.

"அப்ப ஒவ்வொரு தொட்டிக்கும் நோயை டோர் டெலிவரி பண்ணது நான்தானா சார்?"

மாட்டுக்குப் போட வேண்டிய பயிர்

கஸ்தூரி திருக்கழுக்குன்றம் பக்கத்து விவசாயி. போன சம்பாவில் குலைநோய் வந்து அவள் வயல் மொத்தமும் பதராகிவிட்டது. இந்த முறை என் பேச்சைக் கேட்டு நோய் தாங்கும் நெல் நட்டிருந்தாள். அன்றைக்கு அழுத முகத்தோடு வந்து ஒரு நெல் இலையை என் முன்னால் வைத்தாள். இலை நிறையக் கடுகளவில் பழுப்புப் பொட்டு. இதுவும் போச்சு, நாளைக்கே அறுத்து மாட்டுக்குப் போடப்போகிறேன் என்றாள்.

லென்ஸ் வைத்துப் பார்த்தேன். குலைநோய் முற்றினால் பொட்டு கண் மாதிரி நீண்டு நடுவில் சாம்பல் பூக்கும். இதில் அது இல்லை. பூஞ்சாணம் நுழைந்த இடத்தைப் பயிர் தானே சாகவிட்டு, அதற்குத் தீனி கிடைக்காமல் அடைத்துவிடும். அந்தத் தழும்புதாம்மா இது என்றேன். மருந்து வேண்டாம், வயலில் நாலு பொட்டைச் சுற்றிப் பேனாவால் வட்டம் போட்டு வை, தாண்டுகிறதா பார்ப்போம் என்றேன். அவள் என்னை ஏற இறங்கப் பார்த்தாள்.

"மருந்துக் கட வச்சிகினு மருந்து வேணான்றியே, உனுக்கு இன்னா ஆச்சுண்ணா?"

சிவப்பு வட்டம்

அனுப்பிவிட்டேனே தவிர, பனி கொட்டிய ஒவ்வொரு காலையும் பயந்துகொண்டுதான் கடை திறந்தேன். ஒரு நாள் அவளே வந்தாள். கையில் கவர் இல்லாத ஒரு இலை, அதில் பளபளவென்று சிவப்பு வட்டம். பேனா பனியில் அழிந்துபோனதால் மகளுடைய நெயில் பாலிஷாம். பொட்டு வட்டத்துக்குள் அப்படியே இருந்தது. புதுசாக விட்ட இலையெல்லாம் சுத்தம் என்றாள். சத்தியமாக எனக்குக் கண் கலங்கிவிட்டது.

"வச்ச எடத்துலயே கீதுண்ணா. மாட்டுக்கு வேற எங்கியாச்சும் புல்லு பாத்துக்கறேன்."

மருந்து விற்காத அந்த நாளைத்தான் இந்தத் தொழிலில் நான் செய்த நல்ல வியாபாரம் என்று சொல்லிக்கொண்டு திரிகிறேன், மருந்துக் கம்பெனி ஏஜென்ட் காதில் மட்டும் விழாமல்.