கோல் கம்பத்தில் எடுத்த போட்டோ

கள்ளக்குறிச்சி மைதானத்தில் அன்று ஹாக்கி இறுதி ஆட்டம். நான் கோல் கீப்பர், பிளஸ் டூ மாணவி. பந்தலில் வெளியூர்த் தேர்வாளர்கள் உட்கார்ந்திருந்தார்கள். அவர்களுக்குப் பிடித்துவிட்டால் விளையாட்டு விடுதி, கல்லூரி. இல்லாவிட்டால் பரீட்சை முடிந்த கையோடு கல்யாணம் என்று அப்பா கறாராகச் சொல்லியிருந்தார். எங்கள் ஊர் கச்சிராயபாளையத்துக் கரும்புக் கொல்லைகளைத் தாண்டாமலே கிழவியாகிவிடுவேனோ என்று எனக்குப் பயம்.

மாசி வெயில். இரண்டு காலிலும் தொடைவரை கனத்த பேட். தலைக்கவசம் வாங்கப் பள்ளியில் காசில்லை. மற்றவர்கள் ஓட, நான் மட்டும் முளையில் கட்டிய மாடாக வலைக்கு முன்னால் நின்றேன்.

பள்ளியில் அழைத்திருந்த போட்டோக்காரர் கல்யாணங்களுக்கு எடுப்பவர். ஹாக்கியை அன்றுதான் முதன்முதலாகப் பார்க்கிறார். கொஞ்ச நேரம் பந்துக்குப் பின்னாலேயே ஓடினார். “இன்னா ஆட்டம் இது, ஒருத்தியும் ஒரு எடத்துல நிக்க மாட்டேன்றா!” என்று அலுத்துக்கொண்டு, நிற்கிற ஒரே ஆளைத் தேடி வந்தார். என் கோல் கம்பத்துக்குப் பின்னால் இடம் பிடித்துக்கொண்டார்.

“ஏம்மா, மெத்த கட்டிக்கினு நிக்கிற பொண்ணு! இப்டித் திரும்பு. முதுவுதான் தெரியுது.”

“ஆட்டம் நடக்குதுங்கண்ணா, போங்க!”

“ஒன்னே ஒன்னு. நான் இன்னா கடிச்சா துன்னப்போறேன்?”

எனக்கு அழுகையே வந்துவிட்டது. அவரை விரட்டவும் முடியாது, கோலை விட்டு நகரவும் முடியாது. எதிரணிப் பெண்கள் பந்தோடு வந்துகொண்டிருந்தார்கள்.

எங்கள் பக்கத்துக் கல்யாணங்களில் போட்டோக்காரர் வைத்ததுதான் சட்டம். மாப்பிள்ளை தாலியைக் கழுத்தருகே பிடித்தபடி நிற்பார். ஃபிளாஷ் அடித்த பிறகுதான் முடிச்சு. ஐயரே காத்திருப்பார். அதைப் பார்த்தே வளர்ந்தவள் நான். “இங்க பாரு, சிரி!” என்று அவர் அதட்டியதும் கழுத்து தானாகத் திரும்பிவிட்டது. சிரித்தும் தொலைத்தேன்.

ஃபிளாஷ் அடித்தது. வலைக்குள் அடியிலிருந்த கோல் பலகையில் பந்து டொக்கென்று மோதியது.

“கண்ண மூடிட்டியோன்னு டவுட்டா கீது. இன்னொன்னு எடுத்துக்கலாமா?” என்றார் அந்தப் புண்ணியவான். மட்டையால் மண்டையைப் பிளந்திருப்பேன். பேடோடு ஓட முடியவில்லை. அந்த ஒரு கோலில் தோற்றோம். தேர்வாளர்கள் என்னைத் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை.

போட்டோ மட்டும் அருமையாக வந்திருந்தது. “எம் பொண்ணு மகாலட்சுமியாட்டம் கீறா!” என்று அம்மா பூரித்துப்போனாள். போட்டோக்காரர் கடையிலேயே கொடுத்து, வலையையும் பேடையும் உள்ளே வந்துகொண்டிருந்த பந்தையும் வெட்டிவிட்டு, முகத்தை மட்டும் பெரிதாக்கி வாங்கினாள். அதைப் பார்த்துத்தான் மாப்பிள்ளை வீட்டில் சரி என்றார்கள்.

மணமேடைக்கும் அதே ஆள்தான் வந்தார். கழுத்தருகே தாலி. “இங்க பாரும்மா, சிரி!”

இந்தத் தடவை பார்க்கக் கூடாது என்று குனிந்தே இருந்தேன். மாப்பிள்ளையின் கைகள் அப்படியே நின்றன. ஐயர் காத்திருந்தார். கெட்டிமேளம் ஓயாமல் அடித்துக்கொண்டிருந்தது. பின்னாலிருந்து அம்மா என் தாடையைப் பிடித்து கேமரா பக்கம் திருப்பினாள்.