ஒண்ணாம் நம்பர்

இல்லை, என் மகள் பிரசீதாவுக்குக் கை தளரவில்லை. என்னிடம் யாரும் கேட்கவில்லைதான். ஆனால் எங்கள் ஊர் கொல்லயில் ஜங்ஷனில் பால் வாங்க நின்றால் என் முகத்தைப் பார்த்துவிட்டு எல்லாரும் அவள் கையைத்தான் நினைக்கிறார்கள். அதனால் நானே சொல்லிவிடுகிறேன்.

பத்து வருஷமாக அவள் பாறசாலையில் கனகதாஸின் கானமேளக் குழுவில், அதாவது மேடைப் பாட்டுக் குழுவில், பேடு வாசிக்கிறாள். பேடு என்றால் ஸ்டாண்டில் வைத்த ரப்பர் பலகை, எட்டுக் கட்டம். அதில் கம்பால் தட்டினால் ‘டக்’ என்பதோடு சரி. அந்தத் தட்டு ஒயர் வழியாகப் பக்கத்துப் பெட்டிக்குப் போகும். தபலாவோ செண்டையோ, பேசுவது பெட்டிதான். எந்தத் தட்டுக்குப் பேச வேண்டும், எதற்குப் பேசக் கூடாது என்று பெட்டியில் நம்பர் வைக்கலாம். அதற்கு இங்கிலீஷில் ஒரு பேர் உண்டு. பிரசீதா அதைப் ‘படி’ என்பாள். படியைத் தாண்டும் தட்டுதான் உள்ளே வரும்.

எனக்குப் பேத்தி பிறந்து இன்றைக்கு எழுபத்திரண்டு நாள். கொட்டாவி விட்டால்கூட நான் வேலையை விட்டுவிட்டுப் போய்ப் பார்க்கிறேன். அவளைப் பெறப் பிரசீதா வீட்டில் இருந்த மாதங்களில் பேட்டில் அவளுக்குப் பதிலாகச் சுயம்பு என்ற பையன் நின்றான். பெற்றவள் தொண்ணூறு நாள் முடியாமல் வீட்டுப் படி இறங்கக் கூடாது என்று என் வீட்டுக்காரி விஜயம்மா ஒற்றைக்காலில் நின்றாள். கோயில் உற்சவக் கச்சேரி அதற்கு முன்னாலேயே வருகிறது. இந்த உற்சவத்தை விட்டால் அந்த இடம் சுயம்புவுக்குத்தான் என்று பிரசீதாவுக்குத் தெரியும். போன ஞாயிற்றுக்கிழமை பிள்ளையை என் கையில் தந்துவிட்டு ஆட்டோவில் ஏறிவிட்டாள். நானும் ஏறினேன்.

ரிகர்சலில் அவள் வாசித்தபோது நாலு தட்டில் இரண்டுதான் கேட்டது. மெல்லிய தட்டு ஒன்றும் வரவில்லை. எல்லாரும் அவள் உடம்பைப் பார்த்தார்கள். பெட்டியை ஒருவரும் பார்க்கவில்லை.

கனகதாஸ் தணிந்த குரலில்தான் சொன்னார்: “மக்கா, பிரசவம் கழிஞ்ச ஒடம்பாக்கும். இந்தத் தடவ சுயம்பு வாசிக்கட்டு.”

சுயம்பு உதவி செய்கிறேன் என்று படியைச் சைபருக்கு இறக்கினான். பாஸ் கிட்டார் தொடங்கியதும் அந்த அதிர்விலேயே யாரும் தொடாத பேடு தானே முழங்கியது.

“அக்கா, ஒனக்க பிள்ள அடிக்குதாக்கும்” என்றான். அறையே சிரித்தது. பிரசீதாவும் சிரித்தாள். பிறகு ஸ்டூலை இழுத்துப் பெட்டி முன்னால் போட்டாள்.

விஷயம் அப்புறம்தான் வெளியே வந்தது. போன மாதம் ஒரு மேடையில் பலகை ஆடி, கண்ட சத்தமெல்லாம் வந்ததாம். அதனால் சுயம்பு படியை ஏகத்துக்கு ஏற்றி வைத்திருக்கிறான். அவன் ஓங்கி அறைகிறவன், அவனுக்குக் குறை தெரியவில்லை. யாரிடமும் சொல்லவும் இல்லை.

அதற்குள் பிள்ளை அழுதது. பிரசீதா அதை மடியில் போட்டுப் பால் கொடுத்துக்கொண்டே, பாஸ் கிட்டார்க்காரரை மேடையில் வாசிக்கிற சத்தத்துக்கே வாசிக்கச் சொன்னாள். ஒரு கையால் நம்பரை ஏற்றினாள், இறக்கினாள். எனக்கு இங்கிலீஷ் தெரியாது, நம்பர் தெரியும். ஏழில் பேடு முனகியது. ஒன்பதில் வாயை மூடிக்கொண்டது. அங்கேயே விட்டாள். கம்பைத் தொடாமல் விரலால் தட்டிப் பார்த்தாள். மெல்லத் தட்டியது மெல்லக் கேட்டது, ஓங்கித் தட்டியது ஓங்கிக் கேட்டது.

இப்படி வைத்ததைச் சேமிக்கப் பெட்டியில் தனித்தனி இடம் உண்டு, அதற்கும் நம்பர்தான். கனகதாஸ் அதை அஞ்சாம் நம்பரில் சேமிக்கச் சொன்னார். ஸ்விட்ச் போட்டதும் வருவது ஒண்ணாம் நம்பர், அது சுயம்புவுடையதாகவே இருக்கட்டும் என்றார். அவள் ஒன்றை அமுக்கினாள். சுயம்புவுக்கு அஞ்சு போதும் என்றாள்.

இன்றைக்குச் சாயங்காலம் உற்சவம். காலையில் கனகதாஸ் போன் செய்தார். எதற்கும் இருக்கட்டும் என்று சுயம்புவையும் மேடைக்கு வரச் சொல்லியிருக்கிறாராம். விஜயம்மா வாசலை மறித்துக்கொண்டு இன்னும் பதினெட்டு நாள் பாக்கி என்றாள். பிரசீதா அவளைப் பார்த்துக்கொண்டே போனில் சொன்னாள்:

“அவன் வரட்டும் அண்ணா, கேக்கதுக்கு ஆளு வேணும்லா. ஆனா ஒண்ணாம் நம்பர ஒருத்தனும் தொடப்படாது. எனக்க படி எவ்வளவு ஒசரம்னு நான் வச்சாச்சு.”